தந்திக்குப் பின் வந்த செய்திகள்

தந்தி வந்ததும் தென்காசி வீடு அழுகையில் முங்கியது. ஜெபமலர் மட்டும் அழவில்லை. அவள் புருஷன் ஞானதுரை சென்னைப் பத்திரிகை ஒன்றின் நிருபர். அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டதும் பஞ்சாப் எல்லைக்குப் போனார். விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே சண்டையை எழுதிவிடுகிற நிருபர்கள் உண்டு. இந்த மனுஷனுக்குக் குண்டு விழுகிற இடத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பேனா ஓடும். கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜீப் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார், அங்கேயே அடக்கமும் ஆயிற்று என்றது தந்தி.

மறுநாள் ரயிலில் வந்த பேப்பரில், போர்முனையிலிருந்து அவர் எழுதிய செய்தி அவர் பெயரோடு இருந்தது. ஜெபமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செத்த மனுஷன் எழுதுவாரா? கோயிலில் வைக்க இருந்த ஜெபத்தை நிறுத்தச் சொன்னாள். தாலியைத் தொட ஒருவரையும் விடவில்லை. குற்றாலம் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். வழக்கம்போல பஸ் ஏறிப் போய்ப் பாடம் நடத்தினாள். சீசன் முடிந்து கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. அவளைக் கண்டதும் மற்ற டீச்சர்மார் பேச்சை நிறுத்தினார்கள். மத்தியானச் சோற்றைத் தனியாகத் தின்றாள்.

அடுத்தடுத்த நாளும் செய்தி வந்தது. அண்ணன் அருமைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. தபாலாபீசில் காத்துக் கிடந்து, சென்னைக்கு டிரங்க் கால் போட்டுப் பேசிவிட்டு வந்தான். போர்முனையில் எழுதுவதை ராணுவ அதிகாரிகள் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்களாம். நாள்கணக்கில் அங்கேயே தங்கிவிடுமாம்.

"மாப்பிள்ள முந்தி எழுதினதுதாம்ட்டி இப்ப வருது," என்றான். "மாப்பிள்ள இல்ல."

அவள் காதில் விழாதவள்போல அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் நெஞ்சு ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தப் பாவி நெஞ்சை அவளால் என்ன செய்ய முடியும்?

காலையில் பேப்பர் வாங்க மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போனாள். செய்தி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று மெல்ல மெல்லப் படித்தாள். கரும்புக்காட்டில் குப்புறக் கிடந்தது, தலைக்கு மேல் விமானம் போனது, காய்ந்த ரொட்டியைப் பட்டாளக்காரனோடு பங்கிட்டது, எல்லாம் அவர் நேரில் சொல்லுகிற மாதிரியே இருந்தது. கடைசி வரிக்கு வந்தாள். ‘நாளை விடிந்ததும் ஜீப்பில் கால்வாய்ப் பாலம்வரை போகிறேன்.’

ரயில் செங்கோட்டைக்குக் கிளம்பிப் போய்விட்டது. பிளாட்பாரத்தில் வேறு ஆள் இல்லை. ஜெபமலர் அந்த வரியை உள்ளங்கையால் பொத்தினாள்.

"போவாதீங்க," என்றாள். "அங்கன மட்டும் போவாதீங்க."