குறி தப்பியவர்

நாற்காலிமேல் ஏறி நின்று அலமாரியின் மேல்தட்டைத் துழாவிக்கொண்டிருந்தாள் அனுசூயா. உமாபதியின் பட்டு வேட்டி அங்கேதான் எங்கோ இருந்தது. ஃப்யூனரல் ஹோம்காரர் உடலுக்குப் போடக் கோட்டும் டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒட்டாவாவிலிருந்து நேற்று ரயிலில் வந்து இறங்கிய கொழுந்தனார் ஏகாம்பரம் ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணனை வேட்டி கட்டித்தான் அனுப்பணும், அண்ணி. துரை மாதிரி படுக்க வெக்க நான் விடமாட்டேன்" என்றுவிட்டார்.

வேட்டி மடிப்புக்குள் கை போனதும் சில்லென்று ஒன்று தட்டுப்பட்டது. பழைய காலுறைக்குள் சுருட்டி வைத்த இரும்புக் குழாய். அதை அவசரமாக உள்ளே தள்ளிவிட்டு வேட்டியை மட்டும் உருவினாள்.

"கிடைச்சுதா?" கூடத்திலிருந்து ஏகாம்பரம்.

"கிடைச்சுது தம்பி."

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தார் உமாபதி. எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை. வாய்க்கரிசி போடவும் தகன மேடையில் பொத்தானை அழுத்தி உடலை உள்ளே அனுப்பவும் தம்பி ஒருத்தர்தான். அதற்காகவே ஏகாம்பரம் விடியற்காலையில் குளித்து, மூன்று விரல் பட்டையாகத் திருநீறு பூசி, ஈர வேட்டியோடு ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காஞ்சிபுரத்துச் சைவ முதலியார் குடும்பம். முட்டை விற்கிறவன்கூட அவர்கள் தெருவில் குரலைத் தாழ்த்திக்கொண்டு போவான்.

அப்படிப்பட்ட வீட்டு மூத்த பிள்ளைதான் ஐந்து வருஷமாக நவம்பர் தோறும் மான் வேட்டைக்குப் போனார். ஊரில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

போகாமல் இருந்து பார்த்தவர்தான். அந்த ஆபீஸில் யாருக்கு எந்த வேலை என்பது ஆபீஸில் முடிவாகாது. வடக்கே காட்டுக்குள், மரக்குடிலில், வேட்டை வாரத்தில் முடிவாகும். முதல் வருஷம் இவர் போகவில்லை. இவர் கணக்குப் போட்ட பாலம் வேறொருவர் கைக்குப் போயிற்று. அடுத்த வருஷம் மேலதிகாரி மார்செல் தோளில் கைபோட்டு, "என் அப்பாவின் துப்பாக்கி சும்மா கிடக்கிறது, அதை நீ எடுத்துக்கொள். மேலே மாட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப் மட்டும் வாங்கிக்கொள்" என்றபோது இவர் வாய் தன்னால் சரி என்றுவிட்டது. வந்த புதிதில் குளிர்கோட்டு வாங்கக் கூடவே கடைக்கு வந்தவர் மார்செல். அவரிடம் எப்படி இல்லை என்பது?

ஸ்கோப் வாங்கப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். கடைக்காரர் பச்சைத் துணியை விரித்து இரண்டு குழாய்களை வைத்தார். ஒன்று மலிவு. மற்றது ஆறு மடங்கு விலை. அதில் அந்தி வெளிச்சத்திலும் மானின் இமை தெரியும் என்றார்.

"மலிவானது எப்படி?" என்று கேட்டாள் அனுசூயா.

"உண்மையைச் சொல்கிறேன், மேடம். குளிரில் உள்ளே பனி பூத்துவிடும்."

"அப்புறம்?"

"லேசாக இடித்தாலே குறி நகர்ந்துவிடும்."

"ரொம்ப நகருமா?"

"நூறு கஜத்தில் ஒரு முழம் தள்ளிப் போகும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். "இதையே குடுங்க" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். கடைக்காரர், பாவம், தன் இங்கிலீஷ்தான் சரியில்லையோ என்று முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். அன்றைக்கு மெட்ரோவில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்த கிழவி இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஒரு மானும் சாகவில்லை. குண்டு மரத்தில் பட்டது, பாறையில் பட்டது, ஒரு தடவை மார்செலின் தெர்மாஸ் குடுவையில் பட்டது. வயிற்றுப்புண் என்று சொல்லி டப்பாவில் கொண்டுபோன புளியோதரையைத் தின்றுவிட்டு வருவார். வந்ததும் ஸ்கோப்பைக் கழற்றிக் காலுறைக்குள் வைத்துவிடுவார். "கழற்றிக் கழற்றி மாட்டினால் குறி எப்படி நிற்கும், உமா?" என்று மார்செல் வருஷா வருஷம் தலையில் அடித்துக்கொள்வார்.

"அவருக்கு மட்டும் தெரியவே கூடாது, அனு" என்பார் உமாபதி. "கோபப்பட்டாத் தாங்கிப்பேன். மனுஷன் அழுதுடுவார்."

போன திங்கட்கிழமை ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து இவருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அதே கடை, அந்த விலை உயர்ந்த ஸ்கோப். பழைய ஓட்டைக் குழாயால் உமாவின் மானம் போகிறதாம். சனிக்கிழமை தானே மாட்டி, சுட்டுப் பார்த்து, குறி நிறுத்தித் தருவதாக மார்செல் சொல்லியிருந்தார். இந்த வருஷம் காட்டில் பக்கத்திலேயே உட்காரப் போகிறாராம். உமாபதி வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இனிமே தப்ப முடியாது, அனு."

குறி தப்புவதைச் சொன்னாரா, தான் தப்புவதைச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் போய்விட்டார். அந்தப் பெட்டி இன்னும் ஃப்ரிட்ஜ்மேல் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

வாசல் மணி அடித்தது. மார்செல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இவர்களைக் காரில் கூட்டிப்போக வந்திருந்தார். அனுசூயாவின் கையைப் பிடித்தவர், "மதாம் உமா..." என்று ஆரம்பித்து முடிக்கமுடியாமல் குலுங்கினார். அண்ணனுக்குப் பெண்பிள்ளைப் பெயரா என்று ஏகாம்பரம் முகத்தைச் சுளித்தார்.

மார்செலின் கண் ஃப்ரிட்ஜ்மேல் போயிற்று.

"திறக்கவே இல்லையா?" என்றார் ஆங்கிலத்தில். "மதாம், ஒன்று கேட்கட்டுமா? அதை உமாவோடு வைத்துவிடலாமா? அந்தச் சவப்பெட்டிக்குள், அவன் கைப்பக்கத்தில்."

"என்ன அது?" என்றார் ஏகாம்பரம்.

"ஸ்கோப். வேட்டைத் துப்பாக்கிக்கு."

"வேட்டையா? என் அண்ணனா?"

அனுசூயாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏகாம்பரம் மார்செலை நெருங்கிப் போனார். "என் அண்ணன் துப்பாக்கி பிடிச்சாரா? எதையாவது சுட்டாரா?"

மார்செல் அந்த முகத்தைத் தப்பாகப் படித்துவிட்டார். அண்ணனுக்கு ஒன்றும் வராது என்று தம்பி கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார். செத்துப்போனவன் ஐந்து வருஷமாக ஒரு மானைக்கூட வீழ்த்தாதவன் என்று இந்த நேரத்தில் சொல்ல அவருக்கு மனசு வருமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"சுட்டாரா என்று கேட்கிறீர்களா? எங்கள் கூட்டத்திலேயே உமாதான் முதல். வருஷம் ஒன்று தவறியதில்லை. போன வருஷம் எட்டுக் கிளைக் கொம்பு, இவ்வளவு பெரிய ஆண்மான், ஒரே குண்டு!"

"சாப்பிட்டாரா?" ஏகாம்பரத்தின் குரல் இறங்கிவிட்டது.

"பின்னே? முதல் துண்டு அவனுக்குத்தானே."

சொல்லிவிட்டு மார்செல் அனுசூயாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். உன் புருஷன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன், கவலைப்படாதே என்று அர்த்தம். நல்ல மனுஷன். நாசமாய்ப் போக, அவ்வளவு நல்ல மனுஷன். வாயைத் திறந்து இல்லை என்று சொன்னால் இவர் சொன்னது பொய்யாகும், ஐந்து வருஷமாக இவரை ஏமாற்றியதும் வெளியே வரும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். காரைச் சூடாக்கி வைக்கிறேன் என்று மார்செல் படியிறங்கிப் போனார்.

ஏகாம்பரம் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். எவர்சில்வர் கிண்ணத்தில் அவள் நனைத்து வைத்திருந்த அரிசி எதிரே இருந்தது.

"மான் கறி தின்ன வாயில நான் எப்படி அண்ணி அரிசி போடுவேன்?"

"தம்பி, அவர் ஒண்ணையும் கொல்லலை. ஒரு துண்டுகூடத் தின்னலை."

"கூட இருந்த ஆளு சொல்றாரே! நீங்க அண்ணனை விட்டுக்குடுக்க மாட்டீங்க. உங்க வார்த்தையை நான் எப்படி எடுத்துக்கறது?" கண்ணில் நீர் முட்டியது அவருக்கு. "நீங்களே போட்டுக்குங்க. அங்க அந்தப் பொத்தானையும் அந்தக் கூட்டாளியையே அழுத்தச் சொல்லுங்க. நான் வரலை."

கீழே ஹாரன் அடித்தது. ஜன்னலைத் திறந்து இதோ வருகிறோம் என்று சொல்லக்கூட வழியில்லை. குளிர்காலத்துக்காக இரட்டைக் கண்ணாடி போட்டு உமாபதி போன வாரம்தான் விளிம்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். அவளுக்கு அந்த வீடே மூச்சை அடைத்தது. வேறு யார் வேண்டுமானாலும் அநாதையாகப் போகலாம், தம்பி பக்கத்தில் நிற்கும்போது அவர் அப்படிப் போகக் கூடாது.

அறைக்குள் போனாள். மறுபடியும் நாற்காலி, மறுபடியும் மேல்தட்டு. காலுறையோடு கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"இதுலதான் அஞ்சு வருஷமா குறி பார்த்தார். நீங்க சர்வேயர்தானே? பாருங்க."

வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினார். ஆனால் வாழ்நாளெல்லாம் குழாய்க்குள் கண்ணை வைத்துச் சாலை போட்டவர். கை சும்மா இருக்குமா? ஜன்னல் திண்டில் இரண்டு புத்தகத்தை அடுக்கி, அதன்மேல் ஸ்கோப்பைச் சாய்த்து, எதிரே தெரிந்த ரொக்ஸ்பரோ ரயில் ஸ்டேஷன் பலகைக்கு நேராக வைத்தார். குனிந்து பார்த்தார். விரல் நுனியால் ஒரு சுண்டு சுண்டினார். திரும்பப் பார்த்தார். இன்னொரு சுண்டு.

"குறுக்குக் கோடு நிக்கலையே" என்றார்.

இன்னும் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு பக்கம் போகுது. இதை வெச்சு நிக்கிற யானையைக்கூட அடிக்க முடியாதே, அண்ணி. அண்ணன் எஞ்சினீயர், பார்த்தவுடனே தெரிஞ்சிருக்குமே!"

"கடையில ரெண்டு இருந்தது. நல்லதை வேணாம்னு சொல்லிட்டு இதைக் கேட்டு வாங்கினோம்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

ஏகாம்பரம் மறுபடி குனிந்தார். அவர் மூச்சுப் பட்டுக் கண்ணாடி முழுக்கப் பனி பூத்துவிட்டது. பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. முதுகு மட்டும் லேசாக ஆடியது. கீழே ஹாரன் இரண்டாம் தடவை அடித்தது.

"அந்த ஆளு எதுக்கு அப்படிப் புளுகினான்?" என்றார் குனிந்தபடியே.

"அண்ணன் பேரு கெடக் கூடாதுன்னு. தம்பி, அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். அரிசிக் கிண்ணத்தை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டார்.

காரில் ஏகாம்பரம் முன்னால், மார்செல் பக்கத்தில். பின்னால் அனுசூயா, கையில் கிண்ணம், மடியில் புதுப் பெட்டியும் வேட்டியும். ஏகாம்பரம் ஓட்டை வாய் என்பது குடும்பத்துக்கே தெரியும். மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் தொண்டையைக் கனைக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தாள். மார்செல் வழியெல்லாம் மான் கதை சொல்லிக்கொண்டு வந்தார். பொய் பழகிவிட்டால் சரளமாக வரும் போலிருக்கிறது; போன வருஷத்து ஒரு மான் இப்போது மூன்றாகிவிட்டது. ஏகாம்பரம் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஃப்யூனரல் ஹோமில் வேட்டி கட்டிவிட்டார்கள். உமாபதி தூங்குகிற மாதிரி இல்லை; யாரோ கூப்பிட்டதற்குக் காது கேட்காததுபோல் நடிக்கிற மாதிரி இருந்தார். அனுசூயாவுக்கு அழுகை பீறிட்டது. ஆபீஸ்காரர்கள் ஐந்து பேர் கறுப்புக் கோட்டில் சுவரோரம் நின்றார்கள்.

ஏகாம்பரம் கிண்ணத்தை வாங்கினார். கொஞ்ச நேரம் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அரிசியை எடுத்து, மூன்று தரம் அந்த வாயில் போட்டார்.

மார்செல் முன்னால் வந்தார். புதுப் பெட்டியின் நாடாவை அவிழ்த்தார். பளபளவென்று ஸ்கோப் வெளியே வந்தது.

"மிஸ்டர் மார்செல்" என்று அவர் கையைப் பிடித்தார் ஏகாம்பரம்.

அனுசூயா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. எல்லாம் போச்சு.

"எங்க அண்ணனுக்குப் பழசுதான் பழக்கம்" என்றார் ஏகாம்பரம் ஆங்கிலத்தில். ஓவர்கோட்டுப் பையிலிருந்து காலுறையை எடுத்து உதறி, அந்தக் கறுப்புக் குழாயை உமாபதியின் கைப்பக்கத்தில் வைத்தார். "இந்தப் புதுசை நீங்க வெச்சுக்குங்க. அவர் குறிக்கு இதுவே போதும்."

மார்செல் அதைப் பார்த்தார். பிறகு அழுதுகொண்டே சிரித்தார், பிரெஞ்சில் ஏதோ செல்லமாகத் திட்டினார். சுவரோரம் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"வாங்க அண்ணி" என்று ஏகாம்பரம் கிண்ணத்தை நீட்டினார்.

அவளும் அரிசியை எடுத்துப் போட்டாள். வாயில் விழுந்தது போக ஒரு அரிசி கன்னத்தில் உருண்டு, வேட்டி மடிப்பில் இறங்கி, ஸ்கோப்பின் கண்ணாடி விளிம்பில் போய் நின்றது. சவப்பெட்டி மூடியைப் பிடித்திருந்த ஃப்யூனரல் ஹோம்காரர் அதைத் தட்டிவிடக் குனிந்தார். ஏகாம்பரம் வேண்டாம் என்று தலையசைத்தார்.