டொன்கா அணைந்தபோது

…தூசியைப் பார்த்து வயதைச் சொல்கிறவன் என்ன மேலதிகாரி, சர்வர் பெட்டியின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு இது கிழடு என்று முடிவு கட்டிவிட்டான் கலோயான், சோஃபியாவில் இருக்கிற தலைமை அலுவலகம் அனுப்பிய ஆள், நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான், எங்கள் ருசே பேருந்து நிலையத்தின் டிக்கெட்டுகளை இனி சோஃபியாவிலிருந்தே போட்டுக்கொள்வார்களாம், பழைய சிஸ்டம் ஓடுகிற சர்வரையெல்லாம் தூக்கிவிடுவார்களாம், என்னைத் தொலைந்த பொருள் கவுண்டருக்கு மாற்றிவிடுவார்களாம்… பொருத்தம்தான், ஒற்றைக் கையுறைகளுக்கு நடுவில் என்னையும் அடுக்கி வைக்கலாம், யாராவது தேடி வருவார்களா? வரமாட்டார்கள். நானும் போகமாட்டேன். இந்தப் பெட்டி, நான் பெயர் வைத்த என் டொன்கா, பழசா? புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் நானே உட்கார்ந்து ஏற்றியிருக்கிறேனே, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் பதிப்பு விவரம் எழுதியிருக்கிற கோப்பு வந்து விழப்போகிறது, இதற்கு விரலில் தூசி பட வேண்டுமா, அடித்தேன், விழுந்தது, போன வசந்தத்தில் வந்த பதிப்பு. நாற்காலியோடு திரும்பி அவனைப் பார்த்தேன், நான் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு பெருந்தன்மை.

"அது எழுதி வச்சிருக்கறது இஸ்க்ராக்கா," என்றான். "இப்ப உள்ள ஓடிட்டிருக்கறது எதுன்னு கேளுங்க."

கேட்டால் போகிறது, அதற்கான கட்டளை யூநேம் என்று அடித்து ஒரு கோடு, ஒரு ஆர், தட்டினேன், வந்து நின்றது மூன்று வருடத்துக்கு முந்தைய பதிப்பின் எண்… எப்படி? எப்படியென்றால், மட சாம்பிராணி, ஏற்றி வைத்த புதுசு உள்ளே வந்து உட்கார வேண்டுமானால் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், நீதான் அணைப்பதே இல்லையே, டொன்கா நிற்காமல் ஓடுகிறாள் என்று வருடா வருடம் பிப்ரவரியில் ஜன்னலில் டிக்கெட் கொடுக்கிற டோப்ரியோடு சேர்ந்து பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா வாங்கி மெழுகுவர்த்தி வேறு குத்துகிறாய், ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறாய். கடைசியாக எப்போது அணைத்தீர்கள் என்று அவன் கேட்டான். பீற்றிக்கொள்கிற அதே பதிலை, மூன்று வருடமாக அணைக்கவே இல்லை என்பதை, முதல் தடவையாக முணுமுணுத்தேன். அப்போ பழசுதானேக்கா என்றான், குத்தலே இல்லாமல், அதுதான் குத்தியது. குத்தட்டும். பழசு என்று நான் சொல்லவேண்டும், இவன் சொல்லக் கூடாது.

"இப்ப, உங்க கண்ணு முன்னாடி அணைச்சுப் போடறேன்."

"திரும்ப வரலைன்னா?"

"தூக்கிட்டுப் போங்க. என்னையும் சேத்து."

டோப்ரியிடம் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், வர்னா பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்க நிற்கிறவர்கள் ஒரு காபி குடித்துவிட்டு வரட்டும், அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சாத்தினான், நான் அணைக்கிற கட்டளையை அடித்தேன், விசிறி மெதுவாகி, முனகி, நின்றது. அடேயப்பா, இந்த அறைக்கு இப்படி ஒரு அமைதி இருக்கிறதா, மூன்று வருடமாக இந்த இரைச்சலுக்கு மேலேதான் பேசியிருக்கிறேன், வீட்டில்கூட நான் கத்திப் பேசுவதாகச் சொல்வார்களே… பொத்தானைப் போடுங்கக்கா என்கிறான் கலோயான். போடுவேன், போடத்தான் போகிறேன், அவள் எழுந்திருப்பாள், இவன் வாயடைத்து ரயிலேறுவான், எனக்குத் தெரியும்… இருந்தும் விரல் ஏன் இன்னும் மடியிலேயே கிடக்கிறது, பயமா? பயம் இப்படியா இருக்கும், இவ்வளவு சுகமாக?