வேம்புவின் உலக்கை

1998 தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றோடு சிறுவாச்சூர் வேம்புவின் உலக்கை சத்தம் போடுவதை நிறுத்தியது. அங்கே அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும். அந்த நாட்களில் மாவிளக்குக்கு ஊறவைத்த அரிசியைக் கோயில் வாசலிலேயே இடித்துக் கொடுக்கும் பெண்களில் வேம்புவும் ஒருத்தி. உலக்கை உரலில் இறங்கியது, அரிசி மாவானது, சத்தம் மட்டும் வரவில்லை. பூண் தேய்ந்துவிட்டது என்றார்கள். புதுப் பூண் போட்டாள். இரவல் உலக்கை வாங்கிப் பார்த்தாள். அவள் கைக்கு வந்ததும் அதுவும் ஊமையானது. அந்த மாதம் பச்சரிசி விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

காரணம் தெரிந்தவள் பெரம்பலூர் வெற்றிச்செல்வி ஒருத்திதான். இயற்பியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அண்ணன் மணிவண்ணன் முன்னறையில் அம்மன் பாட்டு கேசட் தயாரித்தான். சென்னையில் பழையதாக ஒரு சாம்ப்ளர் வாங்கி வந்திருந்தான். ஒரு சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தால், கீபோர்டில் கட்டையை அழுத்தும்போதெல்லாம் அதைத் திருப்பித் தரும் பெட்டி அது. உலக்கைச் சத்தம் வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமை தங்கையை மைக்கோடு அனுப்பினான். “என்ன பாப்பா புடிக்கிற?” என்று வேம்பு கேட்டாள். நாலு பேர் நடுவில் விளக்கிச் சொல்லக் கூச்சப்பட்டு, “சும்மாதாங்க்கா” என்றாள் வெற்றிச்செல்வி.

சாம்ப்ளரின் சின்னத் திரையில் சத்தத்தைச் சரியாக நறுக்க முடியவில்லை. அதை வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைக்க அவளுக்கு ஒரு வாரம் ஆனது. தடித்த கேபிள் வரிசையின் கடைசியில் ஒரு மூடி மாட்டாவிட்டால் கம்ப்யூட்டர் சாம்ப்ளரைக் கண்டுகொள்ளாது. சாம்ப்ளரை முதலில் போட்டு, பிறகுதான் கம்ப்யூட்டரைப் போட வேண்டும். இரண்டையும் அவளே கண்டுபிடித்தாள். அண்ணன் மெச்சினான். திரையில் வேம்புவின் குத்து மலைபோலத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்ன மேடு. உலக்கையைப் போடுமுன் வேம்பு விடும் ‘ஹ்ம்’ என்ற மூச்சு. இரைச்சல்தானே என்று வெற்றிச்செல்வி அதை வெட்டி அழித்தாள்.

அடுத்த திங்கள் கோயிலுக்குப் போனவள், சத்தமில்லாமல் இறங்கும் உலக்கையைப் பார்த்தாள். சாமி கும்பிடாமலே திரும்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஓர் உரலில் இருவர் மாற்றி மாற்றிக் குத்தும்போது மற்றவளின் சத்தத்தை வைத்துத்தான் கை இறங்கும். வேம்புவின் ஜோடி செங்கமலம் சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். “உன் உலக்கை எப்ப எறங்குதுன்னே தெரியலடி. என் விரலு போச்சுன்னா நீயா ஒட்டவச்சுத் தருவ?” என்று கேட்டு வேறு உரலுக்குப் போனாள். வேம்பு ஆண்டிமடத்துக்கு முந்திரி உடைக்கப் போனாள். கேசட் அரியலூர், திருமானூர் வரை விற்றது. அதில் உலக்கைச் சத்தம் பிரமாதம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் வெற்றிச்செல்வி எழுந்து உள்ளே போனாள்.

அரியலூர் முதல்முறை தனி மாவட்டமான 2001இல், பஸ்ஸில் அவள் பக்கத்தில் வேம்பு வந்து உட்கார்ந்தாள். முந்திரி ஓட்டின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோலுரிந்திருந்தது. டிரைவர் அந்தக் கேசட்டைப் போட்டார். வேம்பு தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இது என் குத்துதான்” என்றாள். “ஆனா மூச்சக் காணோமே. அத எங்க போட்ட பாப்பா?”

வெற்றிச்செல்வி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நிற்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அடுத்த வெள்ளி கம்ப்யூட்டர், சாம்ப்ளர், கீபோர்டு மூன்றும் வேனில் சிறுவாச்சூர் போயின. முருகையன் பூக்கடையிலிருந்து கரண்டு எடுத்தார்கள். வேம்பு உலக்கையைப் போடும்போதெல்லாம் வெற்றிச்செல்வி கட்டையை அழுத்தினாள். அரிசி பாதி மாவாகும்போது கீபோர்டு ஊமையானது, உலக்கை பேசியது. அன்று மாலைக்குள், அதுவரை விற்ற கேசட்டுகளிலெல்லாம் குத்து விழ வேண்டிய இடங்கள் வெறுமையாகிவிட்டன. மணிவண்ணன் தங்கையிடம் தீபாவளி வரை பேசவில்லை. செங்கமலம் ஒன்றும் நடக்காதது மாதிரி பழைய உரலுக்கே வந்து நின்றாள்.

அழித்த மூச்சு மட்டும் திரும்பவில்லை. வேம்பு மூச்சே வாங்காமல் குத்தினாள். திங்களும் வெள்ளியும், வயர் பிடுங்கிய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலிருந்து பெரம்பலூர் வீட்டில் ‘ஹ்ம், ஹ்ம்’ என்று கேட்டது. வெற்றிச்செல்வி வேம்புவிடம் போய் அழுதாள்.

“இருக்கட்டும் பாப்பா” என்று சிரித்தாள் வேம்பு. “இடிக்கிறது நான், எளைக்கிறது உன் வூட்லயா? எனக்கு லாபந்தான்.”

அந்தச் சிரிப்பைத் தாங்குவது வெற்றிச்செல்விக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அரியலூர் இரண்டாம் முறை தனி மாவட்டமான 2007இல் அவளைத் திருமானூரில் கட்டிக்கொடுத்தார்கள். சீர்ப் பாத்திரங்களோடு ஸ்பீக்கரும் போனது. முதல் வெள்ளிக்கிழமை மாமியார் மருதாயி அடுப்படியிலிருந்து, யாரது இப்படி மூச்சிளைப்பது என்று கேட்டாள். சிறுவாச்சூர் வேம்பு அக்கா என்றாள் மருமகள். மருதாயி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாள். சாயங்காலம் அது காலியாக இருந்தது. வெற்றிச்செல்வி சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், திங்கட்கிழமைக்கு.