இழுக்கும் கை

நாலாயிரம் அடி உயரத்தில் பயிற்சி விமானத்தின் எஞ்சின் சத்தம் அடங்கியதும் ரியாஸின் காதில் முதலில் விழுந்தது அவனுடைய மூச்சுதான். கீழே கடல். வலப்பக்க இருக்கையில் பயிற்றுநர் வர்ஷா இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது. அவனுக்கு நாற்பத்து மூன்று. அவளுடைய அந்த நிதானத்தைப் பார்த்தாலே அவனுக்கு எரிச்சல் வந்தது.

"உயரம் குறையக் கூடாது அண்ணே. மெதுவா இழுத்துக்கிட்டே இருங்க. ஸ்டால் ஆகட்டும்."

வேகம் குறைந்து இறக்கை காற்றின் பிடியை இழப்பதுதான் ஸ்டால். இழுத்தான். வேகமுள் இறங்கியது. அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது. எச்சரிக்கை ஊதல் முனகத் தொடங்கி, அழுகையாகவே மாறியது. கையிலிருந்த பிடி தொளதொளத்தது. விமானம் நடுங்கியது. பிறகு மூக்கு தானாகக் கவிழ, இடது இறக்கை சட்டென்று சரிந்தது.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரியாஸ் சொல்வான். பிடியை முன்னால் தள்ள வேண்டும். தள்ளினால் இறக்கையின் கோணம் குறையும், விட்டுப்போன காற்று மறுபடி இறக்கையோடு ஒட்டி ஓடும். பிறகு எஞ்சினுக்கு முழுச் சக்தி. சரிந்த இறக்கையைக் கையால் தூக்கக் கூடாது, காலால் எதிர்ப்பக்க மிதியை அழுத்தி நிறுத்த வேண்டும். எழுத்துத் தேர்வில் இந்தக் கேள்விக்கு அவன் முழு மதிப்பெண் வாங்கியவன்.

ஆனால் அவன் கை இழுத்தது. வயிறுவரை இழுத்தது.

முன்கண்ணாடி முழுவதும் கடல் வந்து நின்றது. சும்மா வரவில்லை, சுழன்றுகொண்டு வந்தது.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்!" என்றாள் வர்ஷா. இனி விமானம் என் கையில், நீ விடு என்று அர்த்தம். அவள் பிடியைத் தள்ளப் பார்த்தாள். அது நகரவில்லை. ரியாஸ் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான். "விடுங்க அண்ணே! கைய விடுங்க!"

விட வேண்டும் என்று அவனுக்கும் தெரிந்தது. விரல்கள்தான் கேட்கவில்லை. மூன்றாவது முறை அவள் கத்தியபோது அவன் கைமேலேயே ஓங்கி அடித்தாள். விரல்கள் பிரிந்தன. மூக்கை இறக்கி, வலது மிதியை அழுத்திச் சுழற்சியை நிறுத்தி, விமானத்தை அவள் நேராக்கியபோது உயரமானி இரண்டாயிரத்து எழுநூற்றைக் காட்டியது. செலேத்தார் விமான நிலையத்தில் இறங்கும்வரை அவளே ஓட்டினாள்.

அன்று மதியம் டேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். வர்ஷாவுக்கு வீடு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம். பயிற்சி முடிந்து பசியோடு பேசினால்தான் மாணவர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. ரியாஸ் தே ஓ கோசோங் வாங்கிக்கொண்டு அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். சர்க்கரை போடாத தேநீரை வாங்கிவிட்டு ஏன் வாங்கினோம் என்று யோசிப்பவனின் முகம்.

"பாடம் உங்களுக்குத் தெரியும்," என்றாள் வர்ஷா. "கைக்குத்தான் தெரியல. ஏன்?"

ரியாஸ் சொன்னான். பதினாறு வருடமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புச் சரக்குப் பெட்டிகளை எடுத்துக் கரையில் இறக்குவது வேலை. லீவரைத் தள்ளினால் பெட்டி இறங்கும், இழுத்தால் ஏறும். கீழே ஆட்கள் நிற்பார்கள். பெட்டி மார்பு உயரத்தில் தொங்கும்போது அதன் நான்கு மூலைகளிலும் இருக்கும் இரும்புப் பூட்டுகளைக் கையால்தான் கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் என்ன கோளாறு வந்தாலும், யார் கத்தினாலும், என்ன ஏது என்று கேட்காமல் இழுத்துவிட வேண்டும். மேலே போகிற பெட்டி யாரையும் நசுக்காது.

"ரெண்டு வருஷம் முன்னாடி மருதப்பன்னு ஒருத்தர். பூட்டு கழட்டிட்டு இருந்தாரு. பெட்டி ஆடிடுச்சு. நான் யோசிக்கவே இல்ல. கை இழுத்துடுச்சு. இல்லன்னா அவரு இன்னைக்கு இல்ல."

சொல்லும்போது அவன் குரலில் பெருமை தெரிந்தது. அந்தக் கையைப் பற்றி அவன் பெருமைப்பட்டதில் தப்பும் இல்லை. சிலருக்குப் பிள்ளை, சிலருக்குப் பட்டம், ரியாஸுக்கு அவன் கை.

வர்ஷா அவனுடைய அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இன்னைக்கு அதே கை நம்ம ரெண்டு பேரையும் கொன்னுருக்கும்."

"தெரியும்."

"சீஃப் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட ரிப்போர்ட் பண்ணிட்டேன் அண்ணே. பண்ணாம இருக்க முடியாது. அடுத்த சனிக்கிழமை ஒரு தடவை. மறுபடி இழுத்தீங்கன்னா டிரெய்னிங் நிப்பாட்டிடுவாரு. நானும் வேணாம்னு சொல்ல மாட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "வீட்டுல சாப்பாட்டு மேச நாற்காலில உக்காருங்க. கண்ண மூடிக்கிட்டு, ஊதல் கேக்குது, நடுங்குது, தள்ளு. ஒரு நாளைக்கு நாப்பது தடவ. வேற எங்கயும் வேணாம். அங்க இழுங்க, இங்க தள்ளுங்க. ரெண்டு சீட்டையும் கலக்காதீங்க."

தலையை நன்றாகத்தான் ஆட்டினான்.

பூன் லேயில் உள்ள தன் வீட்டில் அன்று மாலையே ஆரம்பித்தான். நாற்காலியில் உட்கார்ந்து, சப்பாத்திக் கட்டையைக் கிடைமட்டமாகப் பிடித்துத் தள்ளினான். அவன் மனைவி ஃபஸீலா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னங்க இது, காத்துக்கு மாவு தேய்க்கிறீங்களா?"

"சும்மா இரு லா. பழகிட்டு இருக்கேன்."

"பழகுங்க, பழகுங்க. கட்டைய மட்டும் எடுத்த எடத்துல வச்சிடுங்க." பறப்பதில் அவளுக்குச் சம்மதமும் இல்லை, தடுக்கவும் மனமில்லை. கேலி செய்துதான் தன் பயத்தை ஆற்றிக்கொள்வாள்.

நாற்பது தடவை தள்ளினான். ஒன்றும் ஆகவில்லை. ஆபத்தே இல்லாத இடத்தில் எப்படி ஆபத்தைப் பழகுவது? காலுக்குக் கீழே டைல்ஸ் தரை, எதிரே ஃபிரிட்ஜ். கை இழுக்கக் கற்றுக்கொண்டது நாற்பது மீட்டர் உயரத்தில். அங்கே கற்றதை அங்கேயேதான் திருத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றிய அந்த நிமிடத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதினாறு வருடம் ஒரு வேலையைச் சரியாகச் செய்தவனுக்கு வருகிற வியாதி இது. அடுத்தவரைக் கேட்பது மறந்துபோய்விடும்.

துறைமுகத்தில் காத்திருக்கும் நேரம் நிறைய உண்டு. கப்பல் தாமதம், லாரி தாமதம், மின்னல் எச்சரிக்கை. அப்போதெல்லாம் சிவப்புப் பொத்தானை அழுத்தி லீவரை உயிரில்லாமல் ஆக்கிவிட்டு, கண்ணாடித் தரை வழியே கீழே பார்ப்பான். உண்மையான உயரம், உண்மையான தரை. வயிறு லேசாகக் கலங்கும். அந்தக் கலக்கம் வந்ததும் லீவரைத் தள்ளுவான். திரும்ப நிறுத்தி, திரும்பக் கலங்கி, திரும்பத் தள்ளுவான். ஐந்து நாளில் ஆயிரம் தடவை இருக்கும். வெள்ளிக்கிழமை, எண்ணம் வருவதற்கு முன்பே கை முன்னால் போயிருந்தது. ரியாஸ் தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

சனிக்கிழமை வர்ஷாவின் முகத்தில் சிரிப்பில்லை. எல்லாவற்றையும் அவனையே வாய்விட்டுச் சொல்ல வைத்தாள். உயரம் போதுமா? நாலாயிரத்து ஐந்நூறு. இடுப்புப் பட்டை? இறுக்கம். உருளக் கூடிய பொருள் ஏதாவது? இல்லை. எஞ்சின் முள்கள் எல்லாம் பச்சையில். கீழே ஊரோ கப்பல் கூட்டமோ இல்லை. பிறகு இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு, அருகில் வேறு விமானம் இல்லை என்று உறுதி. இந்த முறை அவள் கைகள் தொடைமேல் இல்லை. பிடிக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தன.

"ஆரம்பிங்க."

ஐம்பத்தைந்து. ஐம்பது. ஊதல் அழுதது. நடுக்கம் முதுகெலும்புவரை ஏறியது. மூக்கு கவிழ்ந்தது, அதே இடது இறக்கை அதே மாதிரி சரிந்தது, கண்ணாடியில் கடல் எழும்பியது.

கை தள்ளியது.

ஊதல் பட்டென்று நின்றது. மிதி, சக்தி, நிமிர்வு. நூற்றைம்பது அடிதான் இழந்திருந்தான். வர்ஷா மூச்சுவிட்டது ஹெட்செட்டில் கேட்டது.

"இன்னொரு தடவ," என்றாள். அதிலும் தள்ளினான். பிறகு வளைந்துகொண்டே ஒரு ஸ்டால், தரையிறங்கும் பாவனையில் ஒரு ஸ்டால். நான்கிலும் தள்ளினான். இறங்கிய பிறகு அவள் பயிற்சி ஏட்டில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "அடுத்த வாரம் என்கூட மூணு ரவுண்டு. அப்புறம் நான் எறங்கிடுவேன். நீங்க மட்டும் போவீங்க," என்றாள்.

ரியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் முயலவில்லை. லிட்டில் இந்தியாவுக்குப் போய் பஃபலோ சாலையில் ஃபஸீலாவுக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, பெருவிரைவு ரயிலில் பூன் லே வரை அதை மடியில் வைத்துக்கொண்டு போனான்.

திங்கள்கிழமை காலை மேற்கு வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன் இன்னும் ஆறு பெட்டி இறக்கிவிடலாம் என்று கப்பல் பக்க மேற்பார்வையாளர் சுதா சொல்லியிருந்தாள். நான்காவது பெட்டியை மார்பு உயரத்தில் நிறுத்தினான். கீழே மருதப்பன் ஒரு மூலையில் பூட்டைக் கழற்றக் கையைப் பெட்டிக்கு அடியில் விட்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் மஞ்சள் ஹெல்மட்டும் இரண்டு தோளும் மட்டும்தான் தெரியும்.

காற்று ஒரே தள்ளாகத் தள்ளியது. பெட்டி ஆடியது. வாக்கி டாக்கியில் மருதப்பன் கத்தினார்.

"தூக்கு! அண்ணே, தூக்கு!"

தூக்கு என்ற சொல் ரியாஸின் காதில் தெளிவாக விழுந்தது. கீழே தரை, உண்மையான உயரம், வயிற்றில் கலக்கம். அவன் கை தள்ளியது.

பெட்டி ஒரு முழம் இறங்கியது. அடுத்த கணமே இழுத்துவிட்டான். இரண்டுக்கும் நடுவே ஒரு நொடிகூட இருந்திருக்காது. பெட்டி மேலே ஏறியபோது மஞ்சள் ஹெல்மட் அந்த இடத்தில் இல்லை.

"மருதப்பன்!" என்று கத்தினான். "மருதப்பன்!"

பதில் இல்லை. கண்ணாடித் தரையில் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தான். இரண்டு மீட்டர் தள்ளி, தரையில் விழுந்து கிடந்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். வலது கையுறை இல்லை. அது கழன்று பூட்டோடு போயிருந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேலே நோக்கி அதை உயர்த்தி, விரல்களை விரித்துக் காட்டினார்.

"ஒண்ணும் இல்ல அண்ணே," வாக்கி டாக்கி கரகரத்தது. குரல் நடுங்கியது. "கைய எடுத்துட்டேன். பொல்லாத காத்து லா. நீங்க தூக்காம இருந்தா நான் காலி."

ரியாஸ் எழுந்து இருக்கையில் உட்கார்ந்தான்.

"கிரேன் ஏழு," இது சுதா. "பெட்டி டிராப் ஆன மாதிரி இருந்துச்சே. காத்தா?"

காற்றுமானி கண்ணெதிரே இருந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஆமாம் என்றால் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். மருதப்பனே சாட்சி. மழை விட்டதும் மீதிப் பெட்டிகள், சனிக்கிழமை மூன்று சுற்று, அதன் பிறகு அவன் மட்டும். இல்லை என்று சொன்னால் விசாரணை வரும், இந்த இருக்கை போகும். எந்தக் கையோடு ஏறுகிறான் என்று வர்ஷாவிடமும் சொல்லியாக வேண்டும், அந்த இருக்கையும் போகும். பதினாறு வருடத்தில் எந்தப் பொய்யும் இவ்வளவு சுலபமாக அவன் கைக்கு எட்டியதில்லை.

"ரியாஸ்? காத்தா?"

கீழே மருதப்பன் கையுறையைத் தேடிக்கொண்டு மறுபடி பெட்டிக்கு அடியில் வந்துகொண்டிருந்தார். மேலே அண்ணன் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காத்து இல்ல," என்றான் ரியாஸ். "அவர அங்கேருந்து எடுங்க. எல்லாரையும் எடுங்க. தூக்கச் சொன்னாரு, நான் தள்ளிட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

"இழுக்க வேண்டிய எடத்துல தள்ளிட்டேன் சுதா. என் தப்பு. இந்தப் பெட்டிய நான் எறக்க மாட்டேன். வேற ஆள மேல அனுப்புங்க."

சிவப்புப் பொத்தானை அழுத்தினான். மாற்று ஆள் லிஃப்ட் ஏறி வர இருபது நிமிடம் ஆகும். மழை கண்ணாடியில் அடிக்கத் தொடங்கியது. அந்த இருபது நிமிடமும் ரியாஸ் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தான்.