முறை மாத்திரை

சின்னமனூரில் பத்து நாள் வகுப்பு நடந்தது. ஊருக்கு ஓர் ஆளைப் பொறுக்கியெடுத்து, மலேரியாக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கவும் அதற்குக் கொயினா மாத்திரை கொடுக்கவும் பழக்கிவிடுவதாக ஏற்பாடு. மதுரையிலிருந்து வந்த டாக்டர் எட்டு நாள் பலகையில் கொசு வரைந்தார். ஒன்பதாம் நாள் எல்லாரும் கொசு வரைந்து பழகினார்கள். பத்தாம் நாள் சாயங்காலம்தான் மனிதருக்கு மாத்திரை ஞாபகம் வந்தது. "காய்ச்சல்காரனுக்கு மட்டும் கொடு. ஒரு நாளைக்கு மூன்று, ஏழு நாள். உன் கண்ணெதிரே விழுங்க வேண்டும்" என்று சொல்லி, ஆளுக்கொரு காக்கிப் பையும் நூறு மாத்திரை டப்பாவும் கொடுத்து அனுப்பினார்.

அதில் ஒருவன் மொக்கைச்சாமி. ஊருக்கு நீர்பாய்ச்சி. வாய்க்காலில் வரும் பெரியாற்றுத் தண்ணீரைத் தலைமடை வயலில் தொடங்கிக் கடைமடை வரை முறை வைத்துத் திருப்பிவிடுகிறவன். எல்லா வீடும் தெரிந்தவன் என்றுதான் அவனை அனுப்பினார்கள். வினையும் அங்கேதான் வந்தது.

"என்னலே அது?" என்று கேட்டார் தலைமடைக்காரர் ஆதித்தன்.

"முறைக்காய்ச்சல் மாத்திரைங்கய்யா."

ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வருகிற காய்ச்சலுக்கு அதுதான் பெயர். ஆதித்தன் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

"முறைன்னா மொதல்ல எனக்கு. வீட்டுல பதினோரு பேரு இருக்கோம். டப்பாவ இங்கன வச்சுட்டுப் போ."

"ஐயா வீட்டுல ஆருக்கும் காய்ச்சல் இல்லைங்களே."

"மழை பேஞ்சு வயலு நெறஞ்சு கெடந்தப்பவும் என் முறைய நான் விட்டிருக்கேனாலே?"

விட்டதில்லைதான். மகராசன், வெள்ளத்திலும் தன் மடையைத் திறந்துவைத்தவர். டப்பா அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

காய்ச்சல் கிடந்ததோ, தண்ணீர் முறை பாதி நாள் வந்தே சேராத கடைமடையில். அங்கே ஒரு துண்டு வயல் வைத்திருந்த பிச்சையம்மாளின் ஒரே மகள் ராஜாத்தி மூன்று வாரத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டாள். இன்னும் நாலு குளிரைத் தாங்கமாட்டாள் என்று பார்த்ததுமே மொக்கைச்சாமிக்குத் தெரிந்தது.

"அண்ணே, அந்த மாத்திர எங்களுக்கு எப்ப வரும்?" என்றாள் பிச்சையம்மாள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலையில் காக்கிப் பையை மாட்டிக்கொண்டு ஆதித்தன் வீட்டு வாசலில் நின்றான்.

"டாக்டரய்யா சொல்லிருக்காகய்யா. வாங்குனவுக என் கண்ணு முன்னால முழுங்கணும். வேளைக்கு ஒண்ணு."

உரிமையாயிற்றே, விடமுடியுமா? பதினோரு பேரும் விழுங்கினார்கள். ஆதித்தன் மனைவி கஸ்தூரியம்மாள் பானை வெல்லத்தையும் எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். கசப்பு அசையவில்லை. மத்தியானம் இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் வீடு மொத்தத்துக்கும் காது இரைந்தது. சோறு கேட்டால் மருமகள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் வேளைக்கு மொக்கைச்சாமி வந்ததும், ஆதித்தன் தாமே டப்பாவை அவன் பைக்குள் போட்டார்.

"இதக் கடைமடைக்கே விட்டுரு. ஆதித்தன் தருமம் பண்ணுனாருன்னு ஊருக்குள்ள சொல்லு."

"சொல்றேங்கய்யா" என்றான். அவருக்குக் காது கேட்காததால் இரண்டு தடவை சொன்னான்.

ராஜாத்தி கசக்கிறதென்று ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கினாள். நாலாம் நாள், குளிர் வரவேண்டிய நேரத்துக்குப் பிச்சையம்மாள் சாக்கு, கம்பளி, பழஞ்சீலை எல்லாவற்றையும் அள்ளிவைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உச்சி தாண்டியது. பொழுதும் இறங்கியது. மகள் எழுந்து உட்கார்ந்து கூழ் கேட்டாள்.

பிச்சையம்மாள் வாய்க்கால் கரைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மொக்கண்ணே, இன்னைக்கு எங்களுக்கு முறை வரல."

இருபது வருசமாக அவளிடம் அதை வசவாகவே கேட்டுவந்தவன், மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதான்.