பின்னால் வருகிறாள்

1

இது கதையாக இருந்திருக்க வேண்டியதே இல்லை. என் மனைவியின் தங்கை ஒரு பயண இதழில் வேலை பார்க்கிறாள். மருத்துவமனையிலிருந்து நான் மட்டும் வீடு திரும்பிய நாளிலிருந்து, என்னைச் சும்மா இருக்க விடக்கூடாது என்பது அவள் கட்சி. போன வாரம் போன் செய்தாள்.

“தனியாப் போற ஒருத்தர். காட்டருவிப் பக்கம் நிம்மதியா ஒரு நாள். ரெண்டு பக்கம் போதும் மாமா. அழுமூஞ்சிக் கட்டுரையா எழுதினீங்கன்னா திருப்பி அனுப்பிடுவேன்.”

“நான் எங்கயும் போகலையே.”

“எழுதறவங்க எல்லாம் போயிட்டு வந்தா எழுதறாங்க? அடிச்சு விடுங்க.”

அடித்து விட்டேன். எழுத எழுத அவளுக்கு அனுப்பினேன்.

2

தொடக்கங்கள்.

[காலை வெயில் இலைகளின் மேல் பொன்னாக] வேண்டாம். எந்த வெயிலும் பொன்னாக இருந்து நான் பார்த்ததில்லை.

[அவன் திருமணமாகாதவன். தனிமையை விரும்பி] இந்த வரியோடு அரை நாள் மல்லுக்கட்டினேன். ஆள் அசையவில்லை. விடுதியில் சாப்பிட உட்கார்ந்து எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி போ என்று அவனையும் மனைவியை இழந்தவனாக ஆக்கினேன். உடனே எழுந்து நடந்தான்.

[அவன் காட்டின் நுழைவாயிலுக்கு வந்தபோது] இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அவன் காட்டின் நுழைவாயிலுக்கு வந்தபோது, டிக்கெட் கொடுக்கும் பெண் தலை தூக்காமல் கேட்டாள்.

“எத்தனை பேர்?”

“ஒருத்தர்.”

“தனியா வந்தா கீழ் அருவி வரைக்கும்தான். மேல் அருவிக்கு ரெண்டு பேராவது இருக்கணும். ஒருத்தர் வழுக்கி விழுந்தா இன்னொருத்தர் வந்து சொல்லணும்ல?”

“என் மனைவி பின்னால வர்றா.”

(இதை நான் திட்டமிடவில்லை. அவனும்தான். கல்யாணமானதிலிருந்து எந்த வாசலில் நின்றாலும் அவன் சொல்லிவந்த பதில் அது. அவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டோ யாரோடாவது பேசிக்கொண்டோ எப்போதும் நாலடி பின்னால்தான் வருவாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.)

இரண்டு காகிதக் கைப்பட்டைகள் கொடுத்தாள். ஒன்றைக் கட்டிக்கொண்டான். மற்றதைச் சட்டைப்பையில் வைத்தான்.

4

இனி நிம்மதியான பகுதி. இதழுக்காக.

ஓடைக்கரையில் காவலர் கொட்டகை இருந்தது. உள்ளே ஆள் இல்லை. கணுக்கால் நனையக் கற்களில் தாவி அக்கரை ஏறினான். ஆளுயரப் பெரணிகள். ஈரமண் வாசனை. பெயர் தெரியாத பறவை ஒன்று கொஞ்ச தூரம் கூடவே கத்திக்கொண்டு வந்து, சலித்துப்போய்த் திரும்பியது. மேல் அருவிக்கு எதிரே ஒரு சூடான பாறை. அதில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துத் தின்றான். படுத்தான். பல மாதங்களுக்குப் பிறகு, கனவில்லாமல் தூங்கினான்.*

* இந்தப் பத்திக்கு மச்சினி ‘சூப்பர்’ என்று பதில் அனுப்பினாள். இங்கேயே முடித்திருக்கலாம்.

விழித்தபோது அருவியின் நிறம் மாறியிருந்தது. பால் விட்ட டீயின் நிறம். எழுந்து ஓடினான்.

5

ஓடைக் கற்களைக் காணவில்லை. எதிர்க்கரையிலிருந்து காவலர் கயிறு வீசினார். அதைப் பிடித்துக்கொண்டு, தொடையளவுத் தண்ணீரில் தடுமாறி வந்து சேர்ந்தான்.

“மலை மேல நல்ல மழை சார். சைரன் குடுத்தது காதுல விழலையா? ரெண்டு பேர் மேல போயிருக்கீங்கன்னு கவுண்டர்ல சொன்னாங்க. வீட்டம்மா எங்க?”

“பின்னால வர்றா.”

மறுபடியும் வாய்தான்.

காவலர் சிரித்தார். “எல்லா வீட்லயும் இதே கதைதான் போங்க. நாம முன்னாடி ஓடுவோம், அவங்க ஒவ்வொரு பூவா நின்னு போட்டோ...” ஒரு மரக்கிளை வேகமாக மிதந்து போனது. சிரிப்பு நின்றது. “எவ்வளவு பின்னால?”

[“மன்னிச்சிடுங்க சார், என் மனைவி] அவன் அதற்கு மேல் போகவில்லை.

“உங்க மனைவி? விழுந்துட்டாங்களா? வாயத் திறந்து சொல்லுங்க சார்!”

அவன் முகத்தைப் பார்த்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். கயிற்றை இடுப்பில் கட்டினார். மறுமுனையை அவன் கையில் திணித்தார்.

“விட்டுடாதீங்க.”

தண்ணீரில் இறங்கினார்.

6

முடிவுகள்.

ஒன்று: அவன் சொல்லிவிடுகிறான். காவலர் கரையேறி வந்து ஓங்கி ஒரு அறை விடுகிறார். எழுதிப் பார்த்தேன். அறை சரியாகவே விழுந்தது. அதற்கு முன்னால் அவன் சொல்லவேண்டிய இடம் மட்டும் வெற்றாகக் கிடந்தது.

இரண்டு: அவன் சொல்லவில்லை. காவலர் நடு ஓடையைத் தாண்டி [அவர் வீட்டிலும் யாராவது காத்திருப்பார்கள். எழுத மாட்டேன்.]

மச்சினிக்குப் போன் செய்தேன். படித்திருந்தாள்.

“சொல்லித் தொலைக்கச் சொல்லுங்க மாமா! ஒரே ஒரு வரி. அந்த மனுஷனைத் தண்ணி அடிச்சுட்டுப் போயிடப் போகுது.”

“அந்த வரி வர மாட்டேங்குது. நீ சொல்லு, எழுதிக்கறேன்.”

“இதுல என்ன இருக்கு? எழுதிக்கங்க. எங்க அக்கா...”

காத்திருந்தேன். மூச்சு மட்டும் கேட்டது.

எங்கள் வீட்டில் அதை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. ‘அதுக்கப்புறம்’ என்போம். ‘அன்னைக்கு’ என்போம். அதிலேயே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

“வெச்சிடறேன் மாமா,” என்றாள்.

7

ஆகவே உங்களிடம் வருகிறேன்.

காவலருக்கு இப்போது மார்பளவுத் தண்ணீர். கயிறு அவன் உள்ளங்கையை அறுக்கிறது. அவன் இழுக்கிறான், அவர் திரும்ப மறுக்கிறார். அக்கரையைப் பார்த்து, “மேடம், அங்கயே நில்லுங்க, வந்துட்டேன்” என்று கத்துகிறார்.

நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. அவள் குரல் உங்களுக்குத் தெரியாது. உங்களால் அந்த வரியைச் சொல்ல முடியும். அவருக்குக் கேட்கிற மாதிரி, உரக்க. தண்ணீர் இரைகிறது.

சொல்லுங்கள். அதுவரை கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன்.