என் கணவர் வராத இருபத்தேழு நாட்கள்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் முன்பதிவு மேஜை என்னுடையது. ஒரு நாளைக்கு முப்பது பேர், முப்பதும் செயலியில் நிரம்பிவிடும். காதைப் பொத்திக்கொண்டு நேரில் ஓடிவருகிறவர்களை எங்கே நுழைப்பது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். தினமும் என் கணவர் பெயரில் ஒரு நேரத்தைப் பிடித்துவிடுவேன். யாராவது துடித்துக்கொண்டு வந்தால், உள்ளேயிருந்து என் கணவர் பெயரைக் கூப்பிடும்போது "வரல" என்று சொல்லி அவர்களை அனுப்புவேன். செயலியில் அவர் 'வரவில்லை' என்று விழும். விழட்டுமே, அவர் காதுக்கு என்ன குறை? நான் கூப்பிட்டால் மட்டும்தான் கேட்காது.

முன்பதிவுச் செயலிகளுக்கென்று புதுச் சட்டம் வந்தது. சுற்றறிக்கை பதினாறு பக்கம். 'மேற்படி உட்பிரிவுக்குப் பங்கமின்றி' என்ற இடத்தோடு மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். டாக்டரிடம் காட்டினேன்.

"எனக்கும் தலையும் புரியல, வாலும் புரியலம்மா. வழக்கம்போல நடத்துங்க."

வழக்கம்போல நடத்தினேன். அவர் பதிவுக்கு என் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன்; என் போனுக்கு வந்த எச்சரிக்கைகளை விளம்பரம் என்று நினைத்து அழித்தேன்.

இன்று காலை கணவர் போன் செய்தார். அவர் தையல்காரர்.

"துணி மேல கறுப்பு நூல் கிடக்குன்னு தட்டிக்கிட்டே இருக்கேன், போகவே மாட்டேங்குது. இப்ப வலது கண்ணுல பாதி தெரியல."

டாக்டரிடம் ஓடினேன். "விழித்திரை கிழிஞ்சிருக்கலாம். இன்னைக்கே காட்டுங்க, விட்டா பார்வை போயிடும்," என்றார்.

கண் மருத்துவமனைக்குச் செயலியில் பதிவுசெய்யப் பார்த்தேன். 'இவர் இருபத்தேழு முறை வரவில்லை. சட்டப்படி தொண்ணூறு நாட்களுக்கு எங்கும் முன்பதிவு இல்லை.' இன்னொரு செயலியிலும் அதேதான். யார் வரவில்லை? எங்கே வரவில்லை? ஒரு நிமிடம் எனக்கே விளங்கவில்லை. பிறகுதான் நான் தினமும் அவர் பெயரில் பிடித்த நேரங்கள் நினைவுக்கு வந்தன. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை அவர் கண்ணுக்கு வைத்திருக்கிறேன்.

கண் மருத்துவமனைக்குப் போன் போட்டு, அங்கே மேஜையில் இருந்த பெண்ணிடம் அவர் கண்ணைப் பற்றிக் கொட்டினேன்.

"கூட்டிட்டு வாங்கக்கா, செயலியெல்லாம் வேண்டாம்."

"தடை இருக்கேம்மா?"

"அவசரத்துக்குத் தடை கிடையாது. தினம் மூணு இடம் செயலியில ஏத்தாம காலியா வைக்கணும்னு சட்டத்துலயே இருக்கே, பதினொண்ணாம் பக்கம். நீங்க வைக்கிறதில்லையா?"

"வைக்கிறேன்மா... அவர் பேர்ல," என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அவரை ஆட்டோவில் அழைத்துப் போனேன். இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்தோம். அவர் இன்னும் மடியில் இல்லாத நூலைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் "வரல" என்று சொல்லத் திறந்த வாயைப் பொத்திக்கொண்டு, அவர் கையைப் பிடித்து எழுப்பினேன்.